பொம்மை டிராக்டரை நகலெடுத்தால் யாரைக் கேட்பது? கஸ்டம் விவசாயப் பொம்மை செய்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில், அறுவடை முடிந்து பனி விழத் தொடங்கியதும் வீட்டுக் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பொம்மை டிராக்டர் செய்ய உட்காருகிறவர்கள் ஏராளம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 1/64 அளவில், அதாவது நிஜ வண்டியின் 64ல் ஒரு பங்கு அளவில், தானிய வண்டிகளும் அவற்றுக்கான சில்லறை உறுப்புகளும் செய்கிறேன். இந்தத் தொழிலில், தொழில் என்பதைவிடப் பைத்தியம் என்றே சொல்லலாம், சண்டை வந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும்: "நான் செய்ததை அவன் எடுத்துக்கொண்டான்." இதைப் பற்றி என்னிடம் தமிழில் கேட்ட நண்பர்களுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக்கியிருக்கிறேன். பேச்சு முக்கியமாக அமெரிக்கச் சட்டத்தைப் பற்றியது. நான் வழக்கறிஞர் இல்லை. பணம் பெரிதாகப் புரளும் விஷயம் என்றால் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

கஸ்டம் விவசாயப் பொம்மை என்றால் என்ன?

கடையில் கிடைக்கும் டிராக்டர் பொம்மையைப் பிரித்து, டயர் மாற்றி, கைப்பிடிக் கம்பி சேர்த்து, மறுபடி வண்ணம் பூசி, நிஜ வண்டி போலவே ஆக்குவது ஒரு வகை. அந்த மாடலையே எந்தக் கம்பெனியும் பொம்மையாக வெளியிடவில்லை என்றால் பித்தளைத் தகடு, பிளாஸ்டிக் தாள், அச்சில் ஊற்றினால் இறுகும் ரெசின் ஆகியவற்றிலிருந்து முழுசாகச் செய்வது இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தை இருக்கிறது: ஏணி, கண்ணாடி, எடைக்கல், இரட்டைச் சக்கரம், டீகால் (சின்னமும் எழுத்தும் அச்சிட்ட ஒட்டுத் தாள்) என்று உறுப்புகளை மட்டும் செய்து விற்பவர்கள். சண்டை அதிகம் நடப்பது இந்த நடுச் சந்தையில்தான்.

இதன் தலைநகரம் அயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில் என்ற சிற்றூர். ஃபிரெட் எர்ட்டல் என்பவர் 1945ல் பக்கத்து டுபுக் நகரில், தன் வீட்டு உலையில் அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் டிராக்டர் பொம்மை வார்க்க ஆரம்பித்தார். எர்ட்டல் நிறுவனம் 1959ல் டயர்ஸ்வில்லுக்கு வந்தது. இன்று அந்தப் பெயர் டோமி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. விவசாயப் பொம்மைகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் 1986 முதல் அந்த ஊரில் உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே நடக்கும் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும்.

பதிப்புரிமை, காப்புரிமை, வர்த்தக முத்திரை... எது எதற்கு?

தமிழில் இங்கேயே குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது. செய்தித்தாள்கள் இரண்டு வெவ்வேறு உரிமைகளுக்கும் "காப்புரிமை" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகின்றன. நான் இங்கே இப்படிப் பயன்படுத்துகிறேன்.

பதிப்புரிமை என்பது நீங்கள் படைத்த வடிவம், படம், எழுத்து, புகைப்படம் இவற்றுக்கானது. படைத்த நொடியிலேயே வந்துவிடும். காப்புரிமை என்பது பேட்டன்ட்: புதுக் கண்டுபிடிப்புக்கு, விண்ணப்பித்து வாங்க வேண்டியது. பொருளின் தோற்றத்துக்கு மட்டும் வாங்கும் டிசைன் பேட்டன்டும் உண்டு. இப்போதைய விதிப்படி அது வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுக்குச் செல்லும். வர்த்தக முத்திரை என்பது "இது யாருடைய சரக்கு" என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் அடையாளம்: பெயர், சின்னம், சில சமயம் நிறம்கூட.

பொம்மை செய்கிறவர்களில் டிசைன் பேட்டன்ட் வாங்கியவர் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. செலவு கட்டாது. ஆகவே நம் சண்டைகள் எல்லாம் மற்ற இரண்டுக்குள் அடங்கிவிடும்.

நான் செய்த உறுப்பை ஒருவர் வாங்கி, அதிலிருந்து அச்செடுத்து, வார்த்து விற்கிறார். இது திருட்டு இல்லையா?

இது எனக்கே நடந்தது. தானிய வண்டியின் பக்கவாட்டில் ஏறுவதற்கான ஏணி ஒன்று செய்தேன். அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்து, பற்றவைத்து, மூலப்பிரதி தயாரித்து, சிலிக்கோன் அச்செடுத்து, ரெசினில் வார்த்து, பத்துப் பத்தாகப் பையில் போட்டு விற்றேன். மூலப்பிரதியில் மூன்றாவது படிக்கு அடியில் அரம் வழுக்கி ஒரு கீறல் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து வேறொருவர் என் விலையில் பாதிக்கு ஏணி விற்பதாகக் கேள்விப்பட்டு ஒரு பை வரவழைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்றாவது படிக்கு அடியில் அதே கீறல். அளவுமானியை வைத்தேன். என்னுடையது 38.0 மில்லிமீட்டர், அவருடையது 37.6. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பு எப்போதும் தாயைவிடச் சற்றுக் குட்டையாகத்தான் பிறக்கும். இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வயிறு எரிந்தது. ஆனால் சட்டத்தைப் படிக்கப் படிக்க, என் பக்கம் நான் நினைத்த அளவு பலமில்லை என்று புரிந்தது. பேட்டன்டோ பதிப்புரிமையோ இல்லாத ஒரு பொருளை அப்படியே நகலெடுப்பது அமெரிக்காவில் தன்னளவில் குற்றமல்ல. படகின் உடலிலிருந்து நேரடியாக அச்செடுத்து நகல் செய்வதைத் தடுக்க ஃபுளோரிடா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போனிட்டோ போட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989ல் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. பேட்டன்ட் இல்லாத பொருளுக்குப் பேட்டன்ட் போன்ற பாதுகாப்பைத் தரும் வேலை மாநிலங்களுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதற்கப்புறம் நாடாளுமன்றம் 1998ல் படகு உடலுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு கொண்டுவந்தது. ஏணிக்கு யாரும் கொண்டுவரவில்லை.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: நீங்கள் வார்த்த அந்தத் துண்டில் பதிப்புரிமை இருக்கிறதா? இருந்தால் அவர் செய்தது மீறல். இல்லையென்றால் அது அநியாயம் மட்டுமே. அநியாயத்துக்கெல்லாம் நீதிமன்றம் கதவு திறக்காது.

எண்பது, நூறு மணி நேரம் உழைத்திருக்கிறேனே. அதற்கு மதிப்பே இல்லையா?

பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில், இல்லை. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. தொலைபேசிப் புத்தகம் ஒன்றைப் பற்றிய ஃபைஸ்ட் வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிந்திய வியர்வைக்குப் பதிப்புரிமை கிடையாது, சொந்தப் படைப்பின் சாயல் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

நம் வேலைக்கு மிக நெருக்கமான வழக்கு 2008ல் வந்தது. மெஷ்வர்க்ஸ் என்ற நிறுவனம் டொயோட்டா கார்களின் கணினி மாதிரிகளை விளம்பரத்துக்காகச் செய்துகொடுத்தது. காரின் மேல் புள்ளிகள் குறித்து, அளந்து, அளந்தது சரியாக ஒட்டாத இடங்களில் கையாலேயே திருத்தி, ஒரு வண்டிக்கு 80 முதல் 100 மணி நேரம் செலவழித்தார்கள். பேசியதற்கு மேலாக டொயோட்டா தரப்பு அந்த மாதிரிகளைப் பயன்படுத்திவிட்டது என்று மெஷ்வர்க்ஸ் வழக்குப் போட, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச், இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. திறமையையும் உழைப்பையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் நோக்கமே டொயோட்டாவை உள்ளது உள்ளபடி காட்டுவது என்னும்போது, அதில் மெஷ்வர்க்ஸ் தானாகச் சேர்த்தது என்ன என்று கேட்டார். கார் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது டொயோட்டாவின் வடிவமைப்பாளர்கள்தானே.

அந்தத் தீர்ப்பில் டொயோட்டா என்ற பெயரை எடுத்துவிட்டு ஜான் டீர், கேஸ், கின்சி என்று விவசாய இயந்திரக் கம்பெனிகளின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். நாம் எவ்வளவு துல்லியமாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு அந்த வடிவம் நம்முடையதல்லாமல் போகிறது. இந்தப் பொழுதுபோக்கின் பெருமையும் அதுதான், பலவீனமும் அதுதான்.

அப்படியென்றால் பொம்மைக்குப் பதிப்புரிமையே கிடையாதா?

உண்டு. பொம்மை விமானம் பற்றிய கே டாய்ஸ் வழக்கில் 1983ல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பொம்மை என்பது பயன்பாட்டுப் பொருள் அல்ல, அதற்கும் பதிப்புரிமை கிடைக்கும். ஓவியத்தைப் போலத்தான் அதுவும். ஆனால் கிடைக்கும் என்பது வேறு, உங்கள் துண்டுக்குக் கிடைத்திருக்கிறது என்பது வேறு. 1976ல் பாட்லின் வழக்கில் ஒருவர் பழைய இரும்பு உண்டியல் பொம்மையைப் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் சிறிதாகச் செய்து பதிப்புரிமை கோரினார். பொருளை மாற்றியதும் அளவைச் சுருக்கியதும் படைப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

நமக்கென்று என்ன மிஞ்சுகிறது? நான் நினைப்பது இது. நிஜ வண்டியின் 3 மில்லிமீட்டர் தகட்டை 64ஆல் வகுத்தால் 0.05 மில்லிமீட்டர்கூட வராது. அதை வார்க்கவும் முடியாது, கையால் தொடவும் முடியாது. ஆகவே தடிமனைக் கூட்டுகிறோம். கூட்டியதும் விகிதம் கெட்டுப்போகும். கண்ணை ஏமாற்ற இன்னொரு இடத்தில் குறைக்கிறோம். துரு எங்கே பிடிக்க வேண்டும், தகடு எங்கே நசுங்கியிருக்க வேண்டும், பெட்டியில் சோளம் எப்படிக் குவிந்திருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறோம். இதில் வார்ப்பு வசதிக்காக எடுத்த முடிவுகள் எடுபடாது. ரசனைக்காக எடுத்த முடிவுகளுக்கு ஒரு மெல்லிய பாதுகாப்பு உண்டு. பழைய கொட்டகை, துருப்பிடித்த கலப்பை, சேற்றில் நிற்கும் வண்டி என்று காட்சி அமைப்பவர்களுக்கு அது இன்னும் கெட்டியாக இருக்கும். கற்பனையில் வடிவமைத்த வண்டி, அதாவது எந்தக் கம்பெனியும் செய்யாத ஒன்று என்றால், தைரியமாகவே பேசலாம்.

என் ஏணி? நிஜ ஏணியின் நேர்ச் சுருக்கம். நீதிமன்றம் போயிருந்தால் தோற்றிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

நான் விற்ற எஸ்டிஎல் கோப்பை, அதாவது 3டி அச்சுக்கான கணினிக் கோப்பை, வேறொருவர் தன் பெயரில் விற்கிறார். இதற்காவது வழி உண்டா?

ரெசின் வார்ப்பைவிட இதில் உங்கள் நிலை மேல். கோப்பை விற்கும்போது "சொந்த உபயோகத்துக்கு மட்டும், அச்சிட்டு விற்கக் கூடாது, கோப்பைப் பகிரக் கூடாது" என்று நிபந்தனை வைத்து, வாங்குகிறவர் அதை ஒப்புக்கொண்டு வாங்கினால், அது ஒப்பந்தம். வடிவத்தில் பதிப்புரிமை மெலிந்திருந்தாலும் ஒப்பந்த மீறல் என்ற பிடி இருக்கிறது. பிரச்சினை, அந்த ஒப்பந்தம் வாங்கியவரை மட்டும்தான் கட்டும். அவரிடமிருந்து வாங்கிய மூன்றாமவரைக் கட்டாது. ஆகவே நிபந்தனையைக் கோப்போடு தனித் தாளாகவும் வையுங்கள், விற்பனைப் பக்கத்திலும் போடுங்கள், யாருக்கு எப்போது விற்றீர்கள் என்ற கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்குள் ஓர் அடையாளம் ஒளித்துவைப்பது பலருக்கு வழக்கம். அடிப்பக்கத்தில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சின்ன எழுத்து, தேவையில்லாத ஒரு போல்ட். இதனால் உரிமை புதிதாக வராது. ஆனால் "நானே வரைந்தேன்" என்று எதிராளி சொல்ல முடியாமல் போகும்.

கடையில் வாங்கிய பொம்மையை ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பை விற்கலாமா?

வேண்டாம். அந்தப் பொம்மையிலும் அதைச் செய்த கம்பெனி எடுத்த முடிவுகள் இருக்கும். அதற்கு எவ்வளவு பாதுகாப்பு என்று தீர்மானிக்கும் வழக்கில் எதிராளியாக நீங்கள் இருக்க வேண்டாம். நிஜ வண்டியை அளந்து வரையுங்கள். விவசாயிகளிடம் கேட்டால் டேப்போடு உள்ளே விடுவார்கள், காபியும் கிடைக்கும்.

நான் ஒரு மாடலை வெளியிட்ட அடுத்த மாதமே இன்னொருவரும் அதே மாடலைச் செய்துவிட்டார்.

ஒரே நிஜ வண்டியைப் பார்த்து இரண்டு பேர் செய்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தானாகச் செய்ததற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் தடையே இல்லை. எந்த மாடலைச் செய்வது என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. இந்தப் புகாரை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் நண்பரை ஏமாற்றமடைய வைக்கும் பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுடையதை நகலெடுத்தார் என்று காட்ட என் ஏணிக் கீறல் போல ஒரு பிழை வேண்டும். நிஜ வண்டியில் இல்லாமல் உங்கள் பிரதியில் மட்டும் இருக்கும் பிழை.

என் புகைப்படத்தையே போட்டு விற்கிறார்.

இங்கேதான் நீங்கள் பலசாலி. வெளிச்சம், கோணம், பின்னணி எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுத்தவை. படம் எடுத்தவருக்கே அதன் பதிப்புரிமை, இதில் பெரிய வாக்குவாதத்துக்கு இடமில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் 750 படம் வரை ஒரே தொகுப்பாக 55 டாலருக்குப் பதிவு செய்யலாம். வருடத்துக்கு ஒருமுறை, சீசன் தொடங்கும் முன் செய்துவிடுங்கள். பதிவு ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கப் படைப்புக்குப் பதிவில்லாமல் வழக்கே போட முடியாது. 2019ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மீறல் தொடங்கும் முன்போ, வெளியிட்ட மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருந்தால், நஷ்டத்தை எண்ணிக் காட்டாமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்கலாம்.

நகல் விற்பவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள். பொருளை நகலெடுத்தவர் படத்தையும் எடுத்திருப்பார். பொருளைப் பற்றி வாதாடி நேரத்தை வீணாக்காமல் படத்தைப் பற்றிப் புகார் கொடுங்கள். விற்பனைப் பக்கம் இறங்கிவிடும்.

நீக்கக் கோரும் நோட்டீஸ் எப்படி வேலை செய்கிறது?

1998ல் வந்த டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி, விற்பனைத் தளத்துக்கு எழுதிக்கொடுத்தால் அவர்கள் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். எதிராளி மறுத்து எதிர் நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் வழக்குத் தொடராதவரை, 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்ப ஏற்றிவிடுவார்கள். இது பதிப்புரிமைக்கு மட்டும். வர்த்தக முத்திரைப் புகாருக்கு அந்தத் தளங்களில் வேறு படிவம் இருக்கும். கோபத்தில், பதிப்புரிமை இல்லை என்று தெரிந்தே, டிராக்டர் வடிவத்துக்காக நோட்டீஸ் அனுப்பாதீர்கள். தெரிந்து பொய் சொன்னால் நஷ்டஈடு நீங்கள் கட்ட வேண்டிவரும்.

சிறிய தொகைக்கு 2022 முதல் பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம் ஒன்று இயங்குகிறது. கட்டணம் இரண்டு தவணையாக மொத்தம் 100 டாலர், வழக்கறிஞர் கட்டாயமில்லை, அதிகபட்சம் 30,000 டாலர். ஒரே குறை, எதிராளி 60 நாளுக்குள் "எனக்கு இது வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்து விலகிவிடலாம்.

டீகாலில் ஜான் டீரின் மான் சின்னமும் பெயரும் போடுகிறேன். கடிதம் வருமா?

வரலாம். நம் சண்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள் இந்த டிராக்டர் கம்பெனிதான். "என் டீகால் தாளை அவன் ஸ்கேன் செய்துவிட்டான்" என்று ஒருவர் குமுறும்போது, அந்தத் தாளில் இருக்கும் மான் அவருடையதல்ல என்பது மறந்துபோகிறது. தாயம் விளையாடிக்கொண்டிருக்கும்போது பலகையின் சொந்தக்காரர் வந்து நிற்பதுபோல.

பொம்மைக் கம்பெனிகள் உரிமம் வாங்கி, விற்பனையில் பங்கு கொடுத்துத்தான் அந்தச் சின்னத்தைப் போடுகின்றன. சொந்த அலமாரிக்கு ஒன்று செய்வதை யாரும் கண்டுகொள்வதில்லை. வர்த்தக முத்திரைச் சட்டமே வியாபாரத்தில் பயன்படுத்துவதைப் பற்றியது. விற்கத் தொடங்கிய பிறகுதான் ஆபத்து. கம்பெனி கண்டும் காணாமல் இருப்பதை அனுமதி என்று எண்ணக் கூடாது. முத்திரையைக் காவல் காக்காவிட்டால் அது பலமிழக்கும் என்பதால் என்றாவது ஒருநாள் எழுதத்தான் செய்வார்கள்.

"8ஆர் வரிசை ஜான் டீருக்குப் பொருந்தும் சக்கரம்" என்று எழுதுவது வேறு. பொருளைச் சொல்ல அந்தப் பெயரைத் தவிர வேறு வழியில்லாதபோது, தேவையான அளவுக்கு மட்டும், அவர்களின் சின்னத்தையும் எழுத்து வடிவையும் போடாமல் சொல்லலாம். கூடவே "இது அந்தக் கம்பெனியின் தயாரிப்பல்ல" என்று ஒரு வரி சேருங்கள்.

கடிதம் வந்தால் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடவும் வேண்டாம், வீறாப்பாகப் பதில் எழுதவும் வேண்டாம். எதை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் சின்னத்தை எடுத்தால் போதும் என்றிருக்கும். பொம்மை ரயில் செய்கிறவர்களும் இப்படி அவதிப்பட்டவர்கள்தான். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் தன் சின்னத்துக்கு ராயல்டி கேட்டது, வழக்கு வரை போனது, 2006ல் ராயல்டி இல்லாத உரிமம் என்று முடிந்தது. டிராக்டர் கம்பெனிகளும் சிறு கைவினைஞர்களுக்கு அப்படி ஒரு எளிய உரிமம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வருடத்துக்கு ஐம்பது வண்டி செய்கிறவன் அவர்கள் பெயரைக் கெடுக்கவா போகிறான்?

சின்னமே இல்லை, ஜான் டீரின் பச்சையும் மஞ்சளும் மட்டும் பூசினால்?

சுவாரஸ்யமான கேள்வி, இதற்கு இரண்டு வழக்கு உண்டு. இரண்டும் நிஜ இயந்திரங்களைப் பற்றியவை. முதலாவதில், ஃபார்ம்ஹாண்ட் என்ற கம்பெனி டிராக்டர் முன்னால் மாட்டும் லோடரை, அதாவது அள்ளித் தூக்கும் கருவியை, பச்சையில் விற்றது. ஜான் டீர் வழக்குப் போட்டுத் தோற்றது. விவசாயிக்கு டிராக்டரும் லோடரும் ஒரே நிறத்தில் இருந்தால் பிடிக்கும், ஆகவே அந்த நிறத்தை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது என்று 1982ல் அயோவா நீதிமன்றம் சொன்னது. காலம் மாறியது. மருந்து தெளிக்கும் கருவியைப் பச்சையும் மஞ்சளுமாக விற்ற ஃபிம்கோ கம்பெனிமேல் தொடுத்த வழக்கில், 2017ல் கென்டக்கியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஜான் டீர் பக்கம் தீர்ப்பளித்தது. உடல் பச்சை, சக்கரம் மஞ்சள் என்ற அந்தச் சேர்க்கை புகழ்பெற்ற முத்திரை என்று ஏற்றுக்கொண்டது.

ஆகவே சின்னம் இல்லை என்பதால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். வண்ணம் பூசாத உறுப்பாக, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் கிட் ஆக விற்பவர்கள் பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்குகிறவர் தன் விருப்பப்படி பூசிக்கொள்வார்.

ஐரோப்பாவிலும் இப்படித்தானா?

இல்லை, அங்கே காற்று கொஞ்சம் நம் பக்கம் வீசியது. நியூரம்பர்க்கின் ஆட்டெக் கம்பெனி 1/24 அளவில் ஓப்பல் அஸ்ட்ரா ரிமோட் காரைச் செய்து, நிஜ வண்டியில் இருப்பதுபோலவே முன்பக்கக் கிரில்லில் ஓப்பல் மின்னல் சின்னத்தையும் வைத்தது. ஓப்பல் வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007ல் சொன்னது: வாங்குகிறவர் அந்தச் சின்னத்தைப் பார்த்து "இந்தப் பொம்மை ஓப்பலிடமிருந்து வருகிறது" என்று எண்ணுகிறாரா என்பதே கேள்வி. 2010ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: ஜெர்மானியர்களுக்குப் பொம்மைக் கார் பழகிய பொருள், சின்னம் இருப்பது நிஜத்தைச் சுருக்கியதன் ஒரு பகுதி, அவ்வளவே. அமெரிக்காவில் இவ்வளவு தெளிவான ஒரு தீர்ப்பு நமக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஏக்கம்.

எர்ட்டல் பொம்மையை வாங்கி, மாற்றி, விற்கலாமா? பெட்டியோடு விற்கலாமா?

வாங்கிய பொருளை மறுபடி விற்பது உங்கள் உரிமை. மாற்றிய பொருளைப் பழைய பெயரிலேயே விற்பதற்கும் ஒரு வழி உண்டு. சாம்பியன் ஸ்பார்க் பிளக் வழக்கில் 1947ல், பழுது பார்த்த பிளக்கை அதே பெயரில் விற்கலாம், ஆனால் பழுது பார்த்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நாமும் அப்படியே: "எர்ட்டல் அடித்தளம், இன்னின்ன மாற்றம் நான் செய்தது." அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றிவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லாமலிருப்பது நல்லது.

அசல் பெட்டியில் வைத்து, ஒன்றும் சொல்லாமல், கம்பெனியே வெளியிட்ட அரிய வகை என்று நம்பவிட்டு விற்கிறார்களே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். சேகரிக்கிறவர்கள் அதற்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். அது நேரடியான மோசடி. நீங்கள் மாற்றிய ஒவ்வொரு வண்டியின் அடியிலும் உங்கள் பெயரையும் வருடத்தையும் பொறியுங்கள்.

நான் என் பட்டறைக்கு வைத்த பெயரை இன்னொருவர் வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் பெயரை வியாபாரத்தில் முதலில் பயன்படுத்தியவருக்கு, அவர் வியாபாரம் செய்யும் பகுதியில் உரிமை உண்டு, பதிவே இல்லாவிட்டாலும். நாடு முழுக்கச் செல்ல வேண்டுமானால் கூட்டாட்சிப் பதிவு வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து ஒரு வகைக்கு 350 டாலர். பதிவாகும்வரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் (டிரேட்மார்க்) என்று போடலாம், பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது. பட்டறைப் பெயரிலேயே டிராக்டர் கம்பெனியின் பெயரை நுழைத்திருந்தால் அதை இன்றே மாற்றுங்கள்.

ஒருவர் பணம் கொடுத்துத் தன் அப்பாவின் டிராக்டரைச் செய்யச் சொன்னார். மூலப்பிரதி யாருக்கு?

எழுத்தில் எதுவும் இல்லையென்றால், அவருக்குப் பொம்மை, உங்களுக்கு அதில் இருக்கும் பதிப்புரிமையும் அச்சும். பணம் கொடுத்ததாலேயே உரிமை மாறிவிடாது. ஆனால் அவர் அப்பாவின் நினைவாக ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்துக் கேட்டிருப்பார். நீங்கள் இன்னும் இருபது வார்த்து விற்றால் மனம் நொந்துபோவார். முன்பணம் வாங்கும்போதே ஒன்றா பலவா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து செய்து அனுப்பினால்?

வர்த்தக முத்திரை நாட்டுக்கு நாடு வேறு. நம்மூர் உதாரணமே இருக்கிறது. மாஸ்ஸி ஃபெர்குசன் என்ற டிராக்டர் பெயருக்காகச் சென்னையின் டஃபே கம்பெனியும் அமெரிக்காவின் ஆக்கோ கம்பெனியும் மோதிக்கொண்டு, 2025ல் சமரசமானார்கள். இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் டஃபேவுக்கு, மற்ற நாடுகளில் ஆக்கோவுக்கு. ஆகவே ஒரே சிவப்பு டிராக்டர் பொம்மைக்கு ஈரோட்டில் விற்றால் ஒருவரிடமும் அயோவாவில் விற்றால் இன்னொருவரிடமும் உரிமம் கேட்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் ஒரு பள்ளம் உண்டு. டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவத்தில் இருந்த பதிப்புரிமை போய்விடும். நன்றாக விற்கிறது என்று மகிழ்கிற நேரத்தில்தான் இது நடக்கும். வெளியிடும் முன்பே டிசைன் பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு.

சரி, ஏணி விஷயம் என்ன ஆயிற்று?

நோட்டீஸ் அனுப்பவில்லை. இரண்டு ஏணியையும் ஒரே அளவுகோலின் மேல் வைத்துப் படமெடுத்து, கீறலை வட்டமிட்டு, அவருக்கு மட்டும் அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. "உங்கள் வார்ப்பு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் குட்டை, வண்டியில் மாட்டினால் கடைசிப் படி தொங்கும். என்னிடமே மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், கட்டுப்படியாகும் விலை தருகிறேன்" என்று எழுதினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள், வாங்கிய பொருளை வார்ப்பது தப்பென்று தனக்குத் தோன்றவே இல்லை என்றும், ஒரு பையில் எத்தனை வரும் என்றும் கேட்டு எழுதியிருந்தார். அச்சை வெட்டிப்போட்ட படத்தையும் இணைத்திருந்தார். இப்போது மாதம் இருபது பை அவருக்குப் போகிறது. கீறலைச் சரிசெய்து புது மூலப்பிரதி செய்துவிட்டேன். பழையதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.